ஆன்லைன் செஸ் ஆட்டத்தின் அலசலில் எதிராளிக்கு 96% துல்லியம் காட்டினால், அவர் இன்ஜின் (சிறந்த நகர்த்தலைச் சொல்லும் செஸ் மென்பொருள்) பார்த்தார் என்று அர்த்தமா?

ஒரே ஆட்டத்தின் 96 சதவீதத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 9-ஆவது நகர்த்தலில் குதிரையை இழந்து, 19-இல் தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு குட்டி ஆட்டத்தில் பாதி மனப்பாடமான தொடக்க நகர்த்தல்கள் (ஓப்பனிங்), மீதி கண்ணுக்குத் தெரிந்த காயை வெட்டுவது. 1200 ரேட்டிங் உள்ள சாதாரண ஆட்டக்காரருக்கும் அந்த எண் வரும்.

ஆட்டத்தைத் திறந்து, அவர் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பாருங்கள். வேறு வழியே இல்லாத பதில் வெட்டுக்கும் 7 வினாடி, தலை சுற்றும் நிலைக்கும் அதே 7 வினாடி என்றால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. எளியதற்கு உடனே, சிக்கலுக்கு நின்று யோசித்து ஆடியிருந்தால் பெரும்பாலும் மனிதர்தான். அவருடைய பழைய ஆட்டங்களையும், முக்கியமாகத் தோற்றவற்றையும், புரட்டிப் பாருங்கள்.

ஆனால் ஓரிரு முக்கிய நகர்த்தலுக்கு மட்டும் இன்ஜின் பார்ப்பவர் இதில் சிக்கமாட்டார். சந்தேகம் தீரவில்லையா, புகார் கொடுத்துவிட்டு விடுங்கள். சாட்டில் திட்டாதீர்கள், அதற்கு உங்கள் மேலேயே புகார் வரும். செஸ்.காம் தளத்தில் ஏமாற்று உறுதியானால் இழந்த புள்ளிகளைத் திருப்பித் தருவார்கள்.

அப்புறம், ஒரே இரவில் உங்கள் ரேட்டிங் 150 புள்ளி சரிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்; அதற்கு அவர் ஒருவர் காரணமாக முடியாது. தோற்ற ஆத்திரத்தில் உடனே அடுத்த பிளிட்ஸை (சில நிமிட வேக ஆட்டத்தை) தொடங்கினீர்களா?