வாசகர் கேள்வி – பதில்: விண்ணப்பக் கடிதத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு, ஆத்தங்குடியில் என் பெரியப்பா நடத்தும் டைல்ஸ் பட்டறையில் மூன்று ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். முன்பணம், சரக்கு, வழியில் உடைந்த கற்களுக்கான விலைக் கழிவு, பாக்கி வசூல் எல்லாவற்றையும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவதும், ஜி.எஸ்.டி. விவரங்களை ஆடிட்டருக்குக் கொடுப்பதும் என் வேலை. கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடொன்றில் இயங்கும் தங்கும் விடுதிக்குக் கணக்கு உதவியாளர் தேவையாம், டேலியும் ஜி.எஸ்.டி.யும் தெரிந்திருக்க வேண்டும், ஆங்கிலம் பேசத் தெரிந்தால் நல்லது என்கிறது விளம்பரம். பயோடேட்டாவுடன் கவரிங் லெட்டரும் கேட்கிறார்கள். "தங்கள் மேன்மைமிகு நிறுவனத்தில் பணியாற்றும் வாய்ப்பை நல்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக இவ்வேலை எனக்கு மிகவும் அவசியம்" என்று தொடங்கியிருக்கிறேன். முன்பு சில இடங்களுக்கு இப்படியே அனுப்பிப் பதில் வரவில்லை. என்ன குறை, ஐயா?
– ஒரு வாசகி, காரைக்குடி.

பதில்: அந்த இரண்டு வாக்கியங்களின் கீழ் யார் வேண்டுமானாலும் கையெழுத்திட்டு, எந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம் என்பதுதான் குறை. இரண்டையும் அடித்துவிடுங்கள். குடும்பச் சூழ்நிலை உண்மையாகவே இருக்கலாம். ஆனால், ஆளெடுப்பவர் பார்ப்பது மாதக் கடைசியில் தம் கணக்கு நேராகுமா என்பதைத்தான்.

டைல்ஸ் பட்டறைக் கணக்குக்கும் விடுதிக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று உங்கள் பயோடேட்டாவைப் படிப்பவர் நினைக்கக்கூடும். பயோடேட்டாவால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கடிதம் சொல்ல வேண்டும். அறைக்கு முன்பணம் வாங்குவது, பதிவு ரத்தானால் திருப்பித் தருவது, பயண முகவருக்குக் கமிஷன் கழிப்பது எல்லாம் நீங்கள் பட்டறையில் செய்துவருவதன் மறுவடிவம்தானே? ஆகவே இப்படித் தொடங்கலாம்:

"ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றில் மூன்று ஆண்டுகளாகக் கணக்குப் பொறுப்பில் இருக்கிறேன். வாடிக்கையாளரிடம் முன்பணம் பெறுவது முதல், வழியில் உடைந்த கற்களுக்குக் கழிவு கொடுத்துப் பாக்கியை வசூலிப்பது வரை அனைத்தையும் டேலியில் பதிகிறேன். ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கலுக்கான விற்பனை விவரங்களை, மாதந்தோறும் 11ஆம் தேதிக் கெடுவுக்கு முன்பே ஆடிட்டரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். தங்கள் விடுதியின் முன்பதிவு, ரத்து, கமிஷன் கணக்குகளைக் கவனிக்க இந்த அனுபவம் உதவும்."

தேதி தவறிய மாதம் ஏதேனும் இருந்தால் "மாதந்தோறும்" என்று எழுதாதீர்கள். நேர்காணலில் அதையே கேட்பார்கள். ஆங்கிலமும் அப்படித்தான்: விருந்தினரிடம் பில்லை விளக்கும் அளவுக்குப் பேசுவீர்கள் என்றால் அவ்வளவையே சொல்லுங்கள். "சரளமாகப் பேசுவேன்" என்று எழுதிவிட்டால், முதல் கேள்வியே ஆங்கிலத்தில் வரும்.

பெரியப்பாவின் பட்டறை என்பதால் அந்த அனுபவத்தைக் குறைத்துக் காட்டவும் வேண்டாம், உறவை மறைக்கவும் வேண்டாம். உங்களைப் பற்றி விசாரிக்க ஒருவர் பெயரைக் கேட்டால், பெரியப்பாவைவிட அந்த ஆடிட்டரின் பெயரை, அவரிடம் கேட்டுக்கொண்டு, கொடுப்பது நல்லது; அவர் சொல்லுக்கு மதிப்பு கூடுதல்.

மற்றவை சிறு விஷயங்கள். விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பிறந்த தேதி, தந்தை பெயர் போன்றவை கடிதத்தில் தேவையில்லை. மின்னஞ்சலில் அனுப்புவதானால், கடிதத்தை மின்னஞ்சலிலேயே எழுதிவிட்டு பயோடேட்டாவை மட்டும் பி.டி.எஃப். கோப்பாக இணையுங்கள்; பொருள் வரியில் பதவியின் பெயரும் உங்கள் பெயரும் இருக்கட்டும். கோப்புக்கும் உங்கள் பெயரையே வையுங்கள். "ஃபைனல் நியூ 2" என்ற பெயரில் வரும் கோப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. கடைசி வரியில், பட்டறைப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு எந்தத் தேதியிலிருந்து வர முடியும் என்பதையும், அழைக்க வேண்டிய கைபேசி எண்ணையும் குறிப்பிடுங்கள்.