கடையில் 'யென்' வேண்டாம், 'என்' போதும்

கேள்வி: அடுத்த மாதம் வேலைப் பயிற்சிக்கு ஒசாகா போகிறேன். ஜப்பானிய வீடியோக்களில் விலை சொல்லும்போது 'யென்' என்று யாருமே சொல்வதில்லை. 'என்' என்றுதான் காதில் விழுகிறது. நான் எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் காது ஏமாறவில்லை. அங்கே அது 'என்'தான். வட்டம் என்று பொருள்தரும் எழுத்து அது. சீன யுவானும் கொரிய வோனும் இதே எழுத்திலிருந்து வந்த பெயர்கள். 1871 நாணயச் சட்டத்தில் ஜப்பான் அதைத் தன் பணத்துக்குச் சூட்டியது.

'ய' எங்கிருந்து வந்தது? நாம் 'எலி'யை 'யெலி' என்கிறோமே, அதேபோல ஜப்பானியரும் ஒருகாலத்தில் எகரத்தை 'யெ' என்றே ஒலித்தார்கள். அமெரிக்க மருத்துவர் ஹெப்பர்னின் 1867 ஜப்பானிய-ஆங்கில அகராதியும் 'யெ' என்றே எழுதியது. எடோ நகரம்கூட (டோக்கியோவின் பழைய பெயர்) மேல்நாட்டார் எழுத்தில் 'யெடோ'தான். பிறகு பேச்சில் யகரம் உதிர்ந்தது. வெளிநாட்டு வணிகத்தில் பரவிவிட்ட 'யென்' மட்டும் அப்படியே நின்றுவிட்டது. தமிழில் எழுதும்போது யென் என்றே எழுதுங்கள். கடையில் 'என்' சொல்லுங்கள்.

ஆனால் தமிழருக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆயிரம் யென் என்பது 'சென் என்'. கண்+அழகு கண்ணழகு ஆகிற பழக்கத்தில் நம் நாக்கு இதைச் 'சென்னென்' ஆக்கிவிடும். ஜப்பானிய மொழியில் 'சென்னென்' என்றால் ஆயிரம் ஆண்டு! முதல் 'ன்'னில் நாக்கு மேல்வாயைத் தொடாமல், ஒலியை மூக்கிலேயே நிறுத்தி, பிறகு 'என்' சொல்லிப் பழகுங்கள்.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. அவர்களுக்கு லட்சம் கிடையாது. பத்தாயிரத்துக்கு 'மன்', அதுதான் அடுத்த படி. வாடகை 'ஜூமன்' என்றால் பத்து மன், அதாவது நம் கணக்கில் ஒரு லட்சம் யென். அவசரத்தில் பத்தாயிரம் என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள்.

சில்லறையில், நடுவில் துளையுள்ள மஞ்சள் நாணயத்தில் 5 என்ற இலக்கத்தைத் தேடாதீர்கள். ஜப்பானிய எழுத்தில் மட்டுமே மதிப்பு இருக்கும். அது 'கோ என்'. பந்தம், தொடர்பு என்பதற்கான மரியாதைச் சொல்லும் 'கோஎன்' என்றே ஒலிக்கும். தானியங்கி விற்பனை இயந்திரங்கள் 1, 5 யென் நாணயங்களை வாங்காது. அதனால் பை கனக்கும்போது ஐந்து யென் நாணயங்களை ஷிண்டோ (ஜப்பானின் மரபுச் சமயம்) கோயில் உண்டியலில் போடுங்கள். பந்தம் கூடட்டும் என்று உள்ளூர்க்காரர்களும் அதைத்தான் போடுகிறார்கள்.