விட்ரிஃபைட் டைல்ஸ்: பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறோம். டைல்ஸ் கடையில் செராமிக், விட்ரிஃபைட் என்று இரண்டு வகை காட்டுகிறார்கள். கம்மோடு பெட்டியிலும் 'விட்ரியஸ் சைனா' என்றிருக்கிறது. அப்படியென்றால் என்ன? கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: தரைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். விட்ரியஸ் என்றால் கண்ணாடித்தன்மை உடையது, விட்ரிஃபைட் என்றால் அப்படி ஆக்கப்பட்டது. பலரும் அதை மேல்மினுக்கம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது டைல்ஸின் உள்ளுடலைப் பற்றிய சொல். களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் ஆகியவற்றின் கலவையைச் சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் சுடும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகி, இடுக்குகளை நிரப்பிக் கண்ணாடியாக இறுகுகிறது. பிறகு தண்ணீர் புக வழியில்லை, எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. கம்மோடுக்கும் இதே கணக்குதான். சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் எவ்வளவு மின்னினாலும் 10 சதவீதத்துக்கு மேல் குடித்துவிடும்.

கடையிலேயே சோதிக்கலாம். டைல்ஸைக் கவிழ்த்து முதுகில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். செராமிக் உறிஞ்சி நிறம் மாறும். விட்ரிஃபைட்டில் தண்ணீர் அப்படியே நிற்கும்.

உங்கள் பகுதிக்கு இது முக்கியம். ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. போதாததற்கு உப்பு ஈரம். ஈரம் குடித்த டைல்ஸுக்குள் உப்பு படிகமாகும்போது மேற்பூச்சு பெயரும். ஆனால் விட்ரிஃபைட் போட்டாலும் தரைக்கு அடியிலுள்ள உப்பு இணைப்புகள் வழியே பூக்கும். ஆகவே கடல்மணலும் உப்புநீரும் கலவைக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செராமிக்கைத் தண்ணீரில் ஊறவைத்துச் சிமென்ட் பாலில் பதிக்கிற பழக்கம் விட்ரிஃபைட்டுக்குச் சரிவராது. உறிஞ்சாத பொருளில் சிமென்ட் சரியாகப் பிடிக்காது. நாளடைவில் தட்டினால் 'டொக் டொக்' என்று கேட்கும். பாலிமர் கலந்த டைல்ஸ் பசையை முதுகு முழுக்கத் தடவி ஒட்டச் சொல்லுங்கள். நான்கு மூலையில் மட்டும் உருண்டை வைத்து ஒட்ட விடாதீர்கள்.

சிட்அவுட்டுக்கும் குளியலறைத் தரைக்கும் விட்ரிஃபைட்டிலேயே சொரசொரப்பான மேட் ரகம் கிடைக்கும், அதையே கேளுங்கள். குளியலறைச் சுவருக்குச் செராமிக் போதும், அங்கே பணத்தை மிச்சப்படுத்துங்கள்.