சமமாகப் பிரித்த கடன்

அன்புள்ள அக்கா,

எங்கள் மகளிர் குழுவில் 15 பேர். ஆறு வருடமாக நடக்கிறது. போன வருடம் வங்கியிலிருந்து 3 லட்சம் கடன் வந்தது. மனத்தாங்கல் வரக்கூடாதென்று ஆளுக்கு 20,000 எனச் சமமாகவே பிரித்துக்கொண்டோம். சண்டை அதற்கப்புறம்தான். இப்போது கூட்டத்துக்கு ஏழெட்டுப் பேர் வந்தால் அதிகம். ஒற்றுமைக்காக ஒரே நிறச் சேலை எடுத்தோம், உறுதிமொழி வாசிக்கிறோம், 11 விதிகளை 26 ஆக்கினோம், தாமதத்துக்கு 50 ரூபாய் அபராதம் வைத்தோம். இன்னும் என்ன விதி சேர்க்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

சேலையும் உறுதிமொழியும் இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் ‘சமமாகவே’. சில மாதங்களாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் அந்தச் சொல்தான். உங்கள் நல்ல மனசு அதில் தெரிகிறது. ஆனால் உங்கள் குழுவை உடைத்தது அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 பேரில் ஒருவருக்குக் கறவை மாடு வாங்க 60,000 தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவருக்கு அப்போதைக்கு எதுவுமே தேவையில்லை. தேவையில்லாதவர் தன் 20,000ஐ வெளியில் மூன்று வட்டிக்கு விடுகிறார். மாதம் 600 ரூபாய் வருகிறது. வங்கிக்கு ஒரு வட்டி என்று வைத்துக்கொண்டால் 200 போக 400 மிச்சம். மாடு வாங்குகிறவரோ மீதி 40,000க்கு மூன்று வட்டிக்காரரிடம் போய் நிற்கிறார். மாதம் 1,200 ரூபாய். அந்தக் காசு அவருடைய குழுக்காரியின் காசாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. தவணை முதலில் தவறுவது இவருக்குத்தான். “எல்லாருக்கும் ஒரே தொகைதானே, இவளுக்கு மட்டும் என்ன?” என்று ஒருவர் கேட்பார். அடுத்த கூட்டத்துக்கு மாட்டுக்காரர் வரமாட்டார்.

உங்கள் முதல் வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு 100 ரூபாய் சந்தா என்றால் மாதம் 1,500தான். அதிலிருந்து கடன் கேட்பவர் மூன்று பேர்: பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு, அடகு நகை. யாருக்கு முதலில் என்று நீங்கள்தான் பேசி முடிவெடுக்க வேண்டும். மற்ற இருவர் காத்திருக்கச் சம்மதிக்க வேண்டும். அடுத்தவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறதென்று தெரியாமல் அந்த முடிவை எடுக்கவே முடியாது. 1989ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டமும், 1992ல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு, குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க 500 குழுக்களோடு ஆரம்பித்த வங்கி இணைப்பும் இந்தப் பேச்சை நம்பித்தான் நின்றன. ஈடு கேட்காமல் வங்கி கொடுக்கிறதே, எதை நம்பிக் கொடுக்கிறது? 15 பேர் ஒருவரையொருவர் எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதை நம்பித்தான். நீங்கள் தொகையை 15ஆல் வகுத்த அன்று யார் கஷ்டத்தையும் யாரும் கேட்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. அதன்பிறகு கூட்டம் என்பது தவணை வசூலிக்கும் இடம். வசூலுக்கு யார் ஆசையாக வருவார்கள்?

26 விதிகளா! ஐந்து போதும், அவை பழையவைதான்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, அந்தச் சேமிப்பிலிருந்தே உறுப்பினருக்குக் கொடுக்கும் உள்கடன், தவணையில் திருப்புதல், அன்றன்றே எழுதிய கணக்கு. 50 ரூபாய் அபராதம் அதிகம். மடியில் இருக்கும் காசிலிருந்து அப்போதே எடுத்து வைக்கக்கூடிய தொகையாக, ஐந்தோ பத்தோ வையுங்கள். குழுவை நடத்தும் ஊக்குநர் தாமதமானால் அவரும் கட்ட வேண்டும்.

அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் அதற்கென்றே தனிக் கூட்டம் போடுங்கள். ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லட்டும்: எதற்கு, எவ்வளவு, எந்த வருமானத்திலிருந்து, எத்தனை தவணையில். “எனக்கு இப்போது வேண்டாம்” என்பவரையும் அப்படியே எழுதுங்கள். ஆனால் குழுக் கடனுக்கு அவரும் பொறுப்பு என்பதை அவர் காதுபடப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து. பெயர், தொகை, காரணம், தவணை நான்கும் தீர்மான நோட்டில் கூட்டம் கலைவதற்குள் ஏற வேண்டும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி ஊக்குநர் வீட்டில் போய் எழுதுவது கூடவே கூடாது. பணம் கைமாறிய ஒரு மாதத்துக்குள் இரண்டு பேர் போய் மாட்டைப் பார்த்துவிட்டு வந்து கூட்டத்தில் சொல்லட்டும். வீட்டில் சாவு, நோய் என்று தவணை தவறினால் எத்தனை மாத அவகாசம் என்று தீர்மானமாகவே எழுதுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுக்கொடுத்தால், அடுத்து தவறுகிறவர் அதைத் தன் உரிமையாகக் கேட்பார்.

இப்போதுள்ள கடனுக்கு ஒன்று செய்யுங்கள். ஊக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் வங்கிக்குப் போய்க் கணக்கு விவரம் வாங்கி வாருங்கள். வராதவர்கள் வீட்டுக்கு நீங்களே நடந்து போய்க் கூப்பிடுங்கள், முதலில் அந்த மாட்டுக்காரரைப் போல வெளிக்கடனில் நிற்பவரை. 15 பேரும் உட்கார்ந்த பிறகு யார் பெயரில் எவ்வளவு பாக்கி என்று உரக்கப் படியுங்கள். அவர் வெளியில் கட்டும் வட்டி எவ்வளவு என்று அன்றைக்காவது கேளுங்கள். பொதுநிதியில் பணமிருந்தால் முதல் உள்கடன் அந்த வெளிக்கடனை அடைக்கப் போகட்டும்.