வரியைப் பார்த்து எழுதுபவர்களிடம் என்ன கேட்பது?

கேள்வி: தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் பெரியவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால் வரியை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். சரி, 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டால் ஒரு வார்த்தையோடு நின்றுவிடுகிறார்கள். திறந்த கேள்விகளை எப்படி அமைப்பது?

பதில்: முதலில் இதைப் படியுங்கள்: 'மிழுக்கன் தொபரையைச் சுழப்பினான்.' மிழுக்கன் எதைச் சுழப்பினான்? தொபரையை. முழு மதிப்பெண்! ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது, நான் சும்மா புனைந்தது. 'ஐ' உருபைப் பிடித்தாலே விடை கிடைத்துவிடுகிறது. உங்கள் மாணவர்கள் செய்வதும் இதுதான். 'உங்கள் கருத்து என்ன?' என்பதில் கோளாறு வேறு: பத்தியைப் படிக்காதவரும் அதற்குப் பதில் சொல்லலாம்.

இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. இந்தப் பத்தியைப் பாருங்கள்:

'கடிதத்தைப் படித்த மீனா அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "நல்ல செய்தியா?" என்றாள் அம்மா. "மழை வரும்போல இருக்கு" என்றாள் மீனா.'

'மீனா கடிதத்தை எங்கே வைத்தாள்?' என்று கேட்டால் பழைய கதைதான். 'கடிதத்தில் என்ன செய்தி இருந்திருக்கும்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று கேளுங்கள். விடை எந்த வரியிலும் இல்லை. ஆனாலும் பத்திக்குத் திரும்பாமல் சொல்ல முடியாது. இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள், அதை விட்டால் வெறும் ஊகம்தான் வரும். கேள்வியை எழுதியதும் நீங்களே இரண்டு மூன்று விடைகள் எழுதிப் பாருங்கள். ஒன்றுதான் வருகிறதென்றால் அது திறந்த கேள்வி அல்ல.

ஒரு வார்த்தைப் பதிலுக்குப் பெரும்பாலும் காரணம் யோசனை இல்லாதது அல்ல, சொல்ல மொழி போதாததுதான். '... என்று நினைக்கிறேன், ஏனென்றால் ...' என்று பலகையில் எழுதிவையுங்கள். தொடக்க நிலையில் இருப்பவர்கள் முதலில் தாய்மொழியில் பேசிக்கொள்ளட்டும். புரிந்ததா என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டும்? கேள்வியின் மொழி பத்தியின் மொழியைவிட எளிதாக இருக்கட்டும். திருத்தும்போது புரிதலுக்கும் இலக்கணத்துக்கும் மதிப்பெண்ணைத் தனித்தனியாகப் போடுங்கள்.

அப்புறம், கேட்டவுடன் நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் கண்டறிந்தார். 3 வினாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. அந்த அமைதி முதல் வாரம் உங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும்.