கோடியக்கரையில் பாயிண்ட் பிரேக் கிடைக்குமா?

கேள்வி: வேதாரண்யத்தில் இருக்கிறேன். கோவளத்தில் பத்து நாள் சர்ஃபிங் கற்றேன். ஒன்பதடி லாங்போர்டில் எழுந்து நின்று நேராகக் கரைக்கு வந்துவிடுவேன். ஆடியில் இலங்கை அறுகம்பேக்குப் போகிறோம். கோடியக்கரைக்குப் ‘பாயிண்ட் கலிமர்’ என்றுதானே பெயர், அங்கேயே பாயிண்ட் பிரேக் பழகிக்கொண்டு போக முடியாதா?

பதில்: முடியாது. அந்தப் பெயர் கப்பல்காரர்கள் வரைபடத்துக்கு வைத்தது. பாயிண்ட் பிரேக்குக்குக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் முனை வேண்டும், பெரும்பாலும் பாறை. தொலைவிலிருந்து வரும் அலை அதைச் சுற்றி வளைந்து, ஒரு ஓரத்தில் உடையத் தொடங்கி, பாயைச் சுருட்டுவதுபோலக் கரையோரமாக உருண்டுகொண்டே போகும். நம் கரை காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும். போதாக்குறைக்கு, ஆனி ஆடியில் தென்கடலிலிருந்து கிளம்பி வரும் அலையை இலங்கை குறுக்கே நின்று வாங்கிக்கொள்கிறது. அறுகம்பே அந்தத் தீவின் தென்கிழக்கில் இருப்பதால் அலை முனைகளைச் சுற்றி உள்ளே வருகிறது. வேளாங்கண்ணி, நாகூரில் அலை உண்டே என்பீர்கள். அது நீளவாக்கில் மொத்தமாகக் கவிழும் கரையலை. பக்கவாட்டில் ஓட இடம் தராது. வாடைக் காலத்தில் அதுவும் முரட்டுத்தனமாகிவிடும், இறங்காதீர்கள்.

எழுந்து நிற்பது வந்துவிட்டது, நல்லது. நேராகக் கரைக்கு வருவதைத்தான் மறக்க வேண்டும். அறுகம்பே முனைகளில் அலை, கரையைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கமாக உடையும். அலை தூக்குவதற்கு முன்பே போர்டின் மூக்கைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்கள். எழுந்ததும் காலையும் பார்க்காதீர்கள், கரையையும் பார்க்காதீர்கள்; இன்னும் உடையாத அலைச்சுவரைப் பாருங்கள். இடதுகால் முன்னால் வைப்பவர் என்றால் அலை உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். வலதுகால் என்றால் அலை முதுகுக்குப் பின்னால்; தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துப் பழக வேண்டும்.

லாங்போர்டின் சுகமே அதன்மேல் முன்னும் பின்னும் நடப்பதில்தான். இதற்கு உங்கள் ஊரிலேயே பயிற்சிக்களம் இருக்கிறது: வரப்பு. போர்டின் அகலம் சுமார் 22, 23 அங்குலம், வரப்பு அதைவிடக் குறுகல். மேட்டூர் திறந்து கடைமடை வரை தண்ணீர் வந்திருந்தால் (வந்திருந்தால்!) ஈர வரப்பு வழுக்கவும் செய்யும். முழங்காலை மடக்கி, பின்காலை முன்காலுக்கு மேலாகக் குறுக்கே எடுத்து வைத்து நடங்கள். காலைத் தேய்த்து நகராதீர்கள். திரும்பி வருவதும் அப்படியே, பின்னோக்கி. கண் கீழே போகக்கூடாது. கடலில், அலை செங்குத்தாகி போர்டு வேகமெடுக்கும்போது மட்டும் முன்னே போங்கள். அப்போது அலையின் தண்ணீர் போர்டின் வாலை அழுத்திப் பிடித்திருக்கும். மூக்கில் நின்றாலும் அது தண்ணீருக்குள் குத்தாது. அலை தளர்ந்தால் பிடி விட்டுப்போகும், உடனே பின்வாங்குங்கள்.

கடலுக்குள் போகும்போது உடையும் அலைக்குள் நேராகக் கையால் துழாவிப் போகாதீர்கள். கரையோரமாக முனைவரை நடந்து, உடையாத பக்கமாகச் சுற்றிப் போங்கள். ஆறுகாட்டுத்துறையில் படகு இறக்குபவர்கள் அலை ஓயும் இடைவெளி பார்த்துத் தள்ளுவார்களே, அதே கணக்கு. பெரிய அலை வந்துவிட்டால் போர்டை விட்டெறியாதீர்கள். இறுகப் பிடித்துத் தலைகீழாகப் புரளுங்கள். ஒன்பதடிப் பலகை பின்னால் வருபவர் மண்டையைப் பிளக்கும்.

அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்குத்தான் அந்த அலை. லாங்போர்டு தூரத்திலேயே அலையைப் பிடித்துவிடும். அதற்காக எல்லா அலையையும் நீங்களே எடுத்தால் அங்கே யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

போர்டை இங்கிருந்து தூக்கிப்போக வேண்டாம், அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. அறுகம்பேயை ஒட்டிய பொத்துவில் ஊர்க்காரர்கள் தமிழ் பேசுபவர்கள். அடியில் மணலா பாறையா, இன்று எங்கே கூட்டம் குறைவு என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். அங்குள்ள அலை முனைகளில் முதல் இரண்டு நாள் பேபி பாயிண்ட், பிறகு விஸ்கி பாயிண்ட். மெயின் பாயிண்டில் அடியில் பாறை. கடைசி நாள்வரை கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாலும் நஷ்டமில்லை. காலையில் வெயில் ஏறுமுன் இறங்குங்கள், காற்று அப்போதுதான் அடங்கியிருக்கும்.