இங்கே முர்மு, அங்கே யார்?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களில் பாதிப் பேர் ஜார்க்கண்ட்காரர்கள். நம் பிள்ளைகள் திருப்பூர், கொச்சி என்று போய்விட்டார்கள். இலங்கை அட்டனில் இருக்கும் என் தங்கை முறையானவள், 2024-இல் நாள் சம்பளம் 1350 ஆகியும் ஆளில்லாமல் மலை காடாகிறது என்கிறாள். அவ்வளவு கொடுத்துமா ஆள் இல்லை? அவள் மகனுக்குக் கம்பெனி தேயிலைச் செடிகளைப் பிரித்துத் தருகிறதாம். எடுக்கலாமா?
- வாசகி, வண்டிப்பெரியாறு, கேரளம்

பதில்: அந்த 1350-ஐக் கண்டு மலைக்காதீர்கள், அம்மா. அது இலங்கை ரூபாய். நம் பணத்தில் 400-க்குள் அடங்கிவிடும். 2021-இல் 1000 ஆவதற்கே பல ஆண்டுகள் போராடினார்கள். மறு ஆண்டு விலைவாசி அதை விழுங்கிவிட்டது. இங்கே மட்டும் என்ன? 2015-இல் மூணாறுப் பெண்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தபோது கூலி 232. கேட்டது 500, கிடைத்தது 301.

கேரளத்தில் கட்டட வேலைக்கு நாள் கூலி 800-ஐத் தாண்டும்போது எந்தப் பையன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிப்பான்? அட்டன் பையனுக்குக் கொழும்பில் கடை வேலை. பெண்ணுக்கு ஆடைத் தொழிற்சாலை, இல்லையென்றால் வளைகுடாவில் வீட்டு வேலை. ஓட்டம் ஒன்றுதான்.

காலியான இடத்துக்கு யார் வருகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நான் கணக்குப்பிள்ளையாக இருந்த தோட்டத்தில், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் மாரியம்மாள், செல்லத்தாய் என்று கூப்பிட்ட வாய், ஓய்வுபெறும் காலத்தில் முர்மு, ஹெம்ப்ரம் என்ற ஜார்க்கண்ட் பெயர்களுக்குப் பழகவேண்டியிருந்தது. ராஞ்சியில் ரயில் ஏறினால் பாஸ்போர்ட் வேண்டாம். நம் பிள்ளைகள் வேண்டாம் என்ற கூலி, அவர்கள் ஊர்க்கூலி அதைவிடக் குறைவு என்பதால், அவர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. (நம் தாத்தாக்களை ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்தார், இவர்களை ஏஜென்ட் கூட்டிவருகிறார்.) இலங்கைக்கு அப்படியொரு ஜார்க்கண்ட் இல்லை. ஒருகாலத்தில் இருந்தது: நம் ராமநாதபுரமும் திருச்சியும் சேலமும்தான் அது. மலையகத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரு நாடுகளும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் இந்தப் பக்கம் திரும்பியது. அப்படி வந்தவர்களுக்காகவே கேரளத்துப் புனலூரில் ரப்பர்த் தோட்டம் போட்டார்கள்.

ஆள் வர வழியில்லாததால்தான் அங்கே கம்பெனிகள் செடிகளைத் தொழிலாளியிடமே ஒப்படைத்து, கொழுந்தை எடைக்கு வாங்குகின்றன. கெட்டிக்காரக் குடும்பத்துக்கு வருமானம் கூடலாம். ஆனால் நிலம் அவர்கள் பெயருக்கு வராது. உர விலை ஏறினாலும் மழை பொய்த்தாலும் நட்டம் அவர்கள் தலையில். ஊழியர் சேமலாப நிதி (நம் பி.எஃப். போன்றது) தொடருமா, தோட்டம் கொடுத்த லயத்து வீடு நிலைக்குமா, கிலோவுக்கு என்ன விலை என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பையன் கையெழுத்துப் போடட்டும். எழுதித் தர மாட்டோம் என்றால் கொழும்புக்கே பஸ் ஏறட்டும்.